ஐந்து அரக்குச் சேலைகள்

786

மந்தாரக்குப்பம்
6.1.99

அன்பு மகன் அஜ்மலுக்கு அம்மா முனவரா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். நோன்பு பாதி கழிந்துவிட்டது, அல்லாஹ் எங்கள் மூன்று பேருக்கும் உடம்பில் ஒரு குறையும் வைக்கவில்லை, நீயும் அந்தச் சவுதியில் தமாமில் வேலையும் நோன்புமாகக் களைத்துப் போகாமல் சுகமாக இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். விடியுமுன் சஹருக்கு எழுந்து ஏதாவது சாப்பிடு, வெறும் தண்ணீரைக் குடித்துவிட்டுத் திரும்பப் படுத்துவிடாதே. உன் தங்கச்சி அப்சானா அரைப் பரீட்சை எழுதிவிட்டாள், கணக்கில் மார்க் குறைவுதான், அதற்காக அவளைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை, வீடு இருக்கிற இருப்பில் எந்தப் பிள்ளைக்குப் படிப்பு ஏறும். போன வாரம் நீ பக்கத்து வீட்டு விருத்தாம்பாள் அக்காவுக்குப் போன் போட்டு எங்களைக் கூப்பிடச் சொன்னபோது, கடை ஏன் மூடிக் கிடக்கிறது, இங்கே நம் ஊர்ப் பையன் ஒருத்தன் சொன்னானே என்று கேட்டாய். உன் அத்தா என் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார், அதனால் மழை என்று சொல்லி வைத்துவிட்டேன். மழைதான் காரணம், ஆனால் நீ நினைத்துக்கொண்ட மாதிரி கடைக்குள் தண்ணீர் வந்து அல்ல. கடல் தாண்டித் தனியாக இருக்கிற பிள்ளையிடம் இதையெல்லாம் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று இவ்வளவு நாள் அடக்கிக்கொண்டிருந்தேன், இனி என்னால் முடியவில்லை.

டவுன்ஷிப்பில் இருக்கிற கிறிஸ்துதாஸ் அண்ணன் குடும்பத்தை உனக்கு நினைவிருக்கும், நிலக்கரி மைன்ஸில் பர்மனென்ட் ஆள், பத்தொன்பதாம் பிளாக்கில் கம்பெனி குவார்ட்டர்ஸ். அவர் சம்சாரம் செசிலியா அக்காதான் அத்தா சைக்கிள் கேரியரில் துணி மூட்டை கட்டிக்கொண்டு பிளாக் பிளாக்காகச் சுற்றின காலத்திலேயே முதல் முதலாக மூட்டையை இறக்கச் சொல்லி வாங்கினவர். அவர் வாங்கினதைப் பார்த்துத்தான் அந்தத் தெருவே வாங்கியது, பிறகு மந்தாரக்குப்பத்தில் கடை போட்டபோது அந்தப் பெண்களெல்லாம் கம்பெனி பஸ் பிடித்துத் தேடி வந்தார்கள். அவர் மகள் ஷைனிக்குத் தீபாவளி கழிந்து நவம்பர் மாதம் கல்யாணம் வைத்தார்கள், மாப்பிள்ளை வீடு கடலூர். கல்யாணப் பெண்ணுக்கு வெள்ளைப் பட்டுச் சேலையை வேறு எங்கோ எடுத்துவிட்டார்கள், அவளோடு மாதா கோயிலுக்குள் நடந்து வருகிற தோழிப் பெண்கள் ஐந்து பேருக்கும் ஒரே மாதிரி அரக்கு நிறத்தில் சேலை வேண்டும் என்று செசிலியா அக்கா நம் கடைக்கு வந்தார். அத்தா அதைக் குறிஞ்சிப்பாடி கருணாகரனிடம் சொல்லி நெய்து வாங்கிக் கொடுத்தார். கருணாகரன் நெசவு எப்படிப்பட்டது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, நீ பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து நம் கடையில் அவர் தறித் துணி இல்லாமல் இருந்ததில்லை. புதுத் துணி எது வந்தாலும் அத்தா கட்டைவிரலைத் தண்ணீரில் நனைத்து ஓரத்தில் அழுத்தித் தேய்த்துவிட்டு, அந்த விரலைத் தன் வெள்ளைச் சட்டைக் கையில் ஒற்றிப் பார்ப்பார், வாங்க வந்தவர்கள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். கருணாகரன் துணியை மட்டும் அப்படிப் பார்ப்பது அவரை அவமானப்படுத்துகிற மாதிரி என்று செய்ய மாட்டார். செசிலியா அக்கா சேலைகளைப் பிரித்துப் பார்த்துவிட்டு, சாயம் ரொம்ப அழுத்தமாக இருக்கிறதே, போகாது இல்லையா என்று கேட்டபோது நானும் கடையில் இருந்தேன். அத்தா சிரித்துக்கொண்டே, "நான் குடுக்கற துணியில சாயம் போவாதும்மா, போச்சுன்னா கடையவே மூடிட்றேன்" என்று சொன்னார். கடைக்காரர் யாரும் சொல்கிற வார்த்தைதான், செசிலியா அக்காவும் சிரித்தார்.

கல்யாணத்தன்று காலையிலிருந்தே வானம் மூடிக்கொண்டுதான் இருந்தது, வங்கக் கடலில் புயல் சின்னம் என்று ரேடியோவில் சொல்லியிருந்தார்கள். வீட்டிலிருந்து கோயில் கூப்பிடு தூரம் என்பதால் பெண்ணை பேண்டு வாத்தியத்தோடு நடத்தியே கூட்டிக்கொண்டு போனார்கள், நானும் அத்தாவும் பின்னால் நடந்தோம். பாதி வழியில் மழை கொட்டிவிட்டது மகனே, தூறல் போட்டு ஆரம்பித்திருந்தால்கூட ஒதுங்கியிருக்கலாம், அப்படியே வாளியைக் கவிழ்த்த மாதிரி. குடை இரண்டோ மூன்றோதான் இருந்தது. அந்தத் தோழிப் பிள்ளைகள் ஷைனி நனையக்கூடாது என்று அவளைச் சுற்றிக் கட்டிப் பிடித்துக்கொண்டு, தங்கள் முந்தானையை அவள் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு ஓடினார்கள், பிள்ளைகள் நல்ல மனசோடுதான் செய்தார்கள். கோயில் வாசலில் போய் விலகி நின்றபோதுதான் எல்லோரும் பார்த்தோம். அவள் தோளிலும் இடுப்பிலும் முதுகிலும், தலையில் போட்டிருந்த வலையிலும் அரக்குச் சாயம் இறங்கிச் சிவப்பாக ஓடியிருந்தது, கை பிடித்த இடத்தில் விரல் விரலாகப் பதிந்திருந்தது. பேண்டுக்காரர்கள் வாசிப்பதை நிறுத்திவிட்டார்கள். மாற்றிக் கட்ட வேறு வெள்ளைச் சேலை இல்லை, சாமியார் உள்ளே காத்துக்கொண்டிருந்தார், மாப்பிள்ளை வீட்டார் முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டார்கள். தோழிப் பிள்ளைகளை வாசலிலேயே விட்டுவிட்டு அந்தப் பெண் அப்படியேதான் உள்ளே நடந்து போனாள். மாப்பிள்ளையுடைய பெரியம்மா யாரோ, "பாக்க ரத்தமாட்டம் இருக்குதே" என்று சொன்னது எங்கள் வரிசை வரைக்கும் கேட்டது. நான் திரும்பி அத்தாவைப் பார்த்தேன், அவர் அங்கே இல்லை. வெளியே வந்து தேடினால் மழையில் நின்றுகொண்டு அந்தத் தோழிப் பிள்ளைகளின் பாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், அவர்கள் நின்ற இடத்துச் சிமென்ட் தரையெல்லாம் சிவப்பாக இருந்தது.

கல்யாணம் நடந்துவிட்டது, அதில் ஒன்றும் நிற்கவில்லை. ஆனால் போட்டோவிலெல்லாம் அந்தக் கறை இருக்கிறது என்றும், மாப்பிள்ளை வீட்டில் எதற்கெடுத்தாலும் அதையே சகுனம் என்று சொல்லிக் காட்டுகிறார்கள் என்றும், மாப்பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால்கூட அந்தப் பெண்ணைத்தான் ஒரு மாதிரி பார்க்கிறார்கள் என்றும் கேள்விப்பட்டோம். அடுத்த வாரம் செசிலியா அக்கா கடைக்கு வந்தார். நான் சண்டை போடுவார் என்று எதிர்பார்த்தேன், அத்தாவும் எதிர்பார்த்து எழுந்து நின்றார். அவர் ஐந்து சேலையையும் மடித்து மேசைமேல் வைத்துவிட்டு, "போவாதுன்னு சொன்னீங்களே பாய்" என்றார். அவ்வளவுதான், திரும்பிப் பஸ் ஸ்டாப்புக்கு நடந்துவிட்டார். பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு வந்து திட்டியிருந்தால் அத்தா இந்நேரம் தெளிந்திருப்பார் என்று நான் இப்போதும் நினைக்கிறேன்.

அன்று சாயங்காலமே அத்தா அவர்கள் வீட்டுக்குப் போய் அந்த வெள்ளைச் சேலையைக் கொடுங்கள், நான் கறையை எடுத்துத் தருகிறேன் என்று கேட்டு வாங்கி வந்தார். ஈரம் காய்வதற்கு முன்னாலேயே பச்சைத் தண்ணீரில் போட்டு அலசிக்கொண்டே இருந்திருந்தால் பாதிக்குமேல் விட்டிருக்கும், கல்யாணப் பெண்ணை அந்த நேரத்தில் யார் அலசுவது. நாங்கள் வாங்கி வந்தபோது அது காய்ந்து ஊறி நின்றுவிட்டது. வெந்நீர் பட்டால் இன்னும் பிடித்துக்கொள்ளும் என்று குளிர்ந்த தண்ணீரில்தான் ஊற வைத்தோம், உப்புப் போட்டோம், எலுமிச்சை பிழிந்தோம், பூந்திக்கொட்டை உரைத்து அந்த நுரையில் கசக்கினோம். பிளீச்சிங் போட்டால் பட்டு இற்றுவிடும் என்று அதை மட்டும் தொடவில்லை. அத்தா என்னைக்கூடத் தொட விடாமல் கொல்லையில் குந்திக்கொண்டு தானே அலசுவார், எடுத்து வெளிச்சத்தில் விரித்துப் பார்ப்பார், திரும்ப முக்குவார். சிவப்பு ரோஸ் ஆனது, ரோஸ் கொஞ்சம் வெளுத்தது, அதற்குமேல் நகரவில்லை, கசக்கின இடத்தில் நூல்தான் பிரிந்தது. எடுத்துக்கொண்டு டவுன்ஷிப் போனார். கிறிஸ்துதாஸ் அண்ணன் நல்ல மனுஷன், உள்ளே வாங்க பாய், டீ சாப்பிடுங்க, மழை பேஞ்சதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க என்று சொல்லியிருக்கிறார். ஷைனிக்கு அந்தச் சேலையைக் கண்ணிலேயே பார்க்க வேண்டாமாம், நீங்களே என்னவாவது செய்துவிடுங்கள் என்று செசிலியா அக்கா உள்ளேயிருந்தே சொல்லிவிட்டார். அதை அப்படியே திரும்பக் கொண்டு வந்து பீரோவில் வைத்தார், இப்போதும் அங்கேதான் இருக்கிறது.

கருணாகரனிடமாவது போய் நாலு வார்த்தை கேளுங்கள் என்று நான்தான் துரத்தினேன். குறிஞ்சிப்பாடிக்குப் போனார். அங்கே போனால் அந்த ஆள் தறியை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருக்கிறார். நூலுக்குச் சாயம் ஏற்றினபிறகு கொதிக்கிற சோப்புத் தண்ணீரில் போட்டு, ஒட்டாமல் மேலாக நிற்கிற சாயத்தையெல்லாம் அலசி எடுக்க வேண்டுமாம், அதற்குப் பிறகுதான் நூலைத் தறிக்குக் கொடுப்பார்களாம். தீபாவளி நெருக்கடியில் சாயப் பட்டறையில் அந்த ஒரு வேலையை விட்டுவிட்டு நூலை அனுப்பியிருக்கிறார்கள், எல்லா ஊர்த் துணியும் திரும்பி வந்துகொண்டிருக்கிறது. கருணாகரன் அத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "வூட்ல கஞ்சி காச்சலைன்னாகூட நான் தாங்கிக்குவேன் பாய், உங்க மூஞ்சிய எப்படிப் பாத்துக்கினு நிப்பேன்" என்று அழுதாராம். அத்தா அவரைச் சமாதானம் பண்ணிவிட்டு, அவர் வாங்கிக் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு வந்திருக்கிறார். திட்டுவதற்கு ஓர் ஆள் இருந்தார், அதுவும் போய்விட்டது.

அதற்குப் பிறகுதான் மகனே, அந்தப் பைத்தியம் மாதிரி ஒன்று ஆரம்பித்தது. கடையில் இருக்கிற துணி ஒவ்வொன்றையும் எடுத்து ஓரத்தில் ஒரு விரல் அகலம் கத்தரித்து ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டு வைத்தார். வீட்டு டம்ளர் போதாமல் ஊறுகாய்ப் பாட்டில், மருந்துப் பாட்டில், சோடா பாட்டில் எல்லாம் வரிசையாக நின்றன. மறுநாள் ஒவ்வொன்றையும் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். நானும் அப்சானாவும் முதலில் சரி, சோதித்துப் பார்த்துத் தெளிந்தால் நல்லதுதானே என்று விட்டுவிட்டோம். ஒருநாள் மதியம் சாப்பாடு எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன், வாடிக்கை யாரும் இல்லை, ஷட்டர் பாதி இறங்கியிருந்தது, அத்தா அந்தப் பாட்டில்களுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்திருந்தார். சிவப்பு, ஊதா, பச்சை, மஞ்சள், சிலதில் நல்ல அழுத்தமாக, சிலதில் இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்கு. என்னைப் பார்த்து, "எல்லாத்துலயும் போவுது முனவரா, கொஞ்சமாச்சும் போவாத துணின்னு ஒண்ணுகூட இல்ல" என்றார். நான் சொன்னேன், இது உலகத்துக்கே தெரிந்ததுதானே, புதுத் துணி முதல் தடவை கொஞ்சம் விடத்தான் செய்யும், அதற்குத்தானே கல்லுப்பு கரைத்த தண்ணீரில் தனியாக நனைக்கிறோம், வெளுப்புத் துணியோடு சேர்க்காமல் வைக்கிறோம், ரொம்ப நேரம் ஊற வைக்காமல் அலசி உள்பக்கத்தை வெளியே திருப்பி நிழலில் போடுகிறோம், எந்த வீட்டுப் பொம்பளைக்கு இது தெரியாது என்றேன். எல்லாம் கேட்டுக்கொண்டார். பிறகு, "அப்ப இத்தினி வருஷமா போவாதுன்னு எதுக்குச் சொல்லிக்கினு இருந்தேன்" என்று கேட்டார். எல்லா வியாபாரியும் சொல்கிறதுதான் என்று சொல்லியிருக்கலாம், ஆனால் அவர் எல்லா வியாபாரியும் இல்லை, அதனால்தானே நான் அவரோடு இத்தனை காலம் தலை நிமிர்ந்து நடந்தேன்.

அப்சானா கத்தரிக்கோலை ஒளித்து வைத்தாள், அவர் பிளேடால் அறுத்தார். கடைசியில் விற்பதற்கு முழுசாக ஒரு சேலை இல்லை, எல்லாவற்றிலும் முந்தானை ஓரம் போயிருந்தது. கிறிஸ்துமஸ், நோன்பு, பொங்கல் என்று துணிக்கடைக்கு வருஷத்திலேயே நல்ல மாதங்கள் இவைதான், அந்த நேரத்தில் கடையை மூடினார். சொன்ன வார்த்தைக்காக மூடுகிறேன் என்று அவர் ஒருநாளும் வாய் திறந்து சொல்லவில்லை. வடலூரில் பிளாட்பாரத்தில் வியாபாரம் பண்ணுகிற அய்யனார் என்கிற ஆள் வந்து வெட்டுப்பட்ட துணியையெல்லாம் மொத்தமாக அள்ளிக்கொண்டு போனார். போர்டைக் கழற்றும்போது அத்தா பார்க்க வரவில்லை, நான்தான் போய் நின்றேன். அங்கே இப்போது ஜெராக்ஸ் கடை வரப்போகிறது.

இப்படியே வீட்டில் உட்கார்ந்திருந்தால் ஆள் உருக்குலைந்து போவார் என்று நான் அழுது புலம்பினதைக் கேட்டு, உன் மாமா கடலூரில் ஒரு பெரிய ஜவுளிக் கடையில் பொங்கல் முடிகிற வரைக்கும் சேல்ஸ்மேனாக நிற்கச் சொல்லிப் பேசி வைத்தான். எத்தனையோ பேரை வேலைக்கு வைக்க வேண்டிய மனுஷன் இன்னொரு கடையில் நிற்பதா என்று எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை, அவர் சரி என்றார். போன திங்கட்கிழமை நோன்போடு வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு முதல் பஸ்ஸுக்குப் போனார். கிளம்புவதற்கு முன், அவர் வழக்கமாகப் பாடுகிற அந்தப் பழைய பாட்டைக் கொல்லையில் மெல்ல முணுமுணுத்துக்கொண்டே ஷேவ் பண்ணினார், எவ்வளவு நாளுக்குப் பிறகு அதைக் கேட்கிறேன் என்று நான் அடுப்படியில் நின்று அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னேன். அங்கே நடந்ததை உன் மாமாதான் பிறகு சொன்னான், அவனும் அந்தக் கடைக்கு எதிரில்தானே ரிப்பேர் கடை வைத்திருக்கிறான், கடை ஆட்கள் வந்து அவனிடம் சொன்னார்களாம். ஒரு அம்மா தன் மகளோடு வந்து தக்காளி நிறத்தில் ஒரு சேலை பிடித்துப்போய், இதில் சாயம் போகுமா என்று கேட்டிருக்கிறார். அத்தா, "போவும்மா, உப்புத் தண்ணில தனியா அலசி நெழல்ல போடுங்க, அப்பவும் கொஞ்சம் போவும்" என்று சொல்லியிருக்கிறார். அந்த அம்மா சேலையை வைத்துவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார். அடுத்து வந்தவர்களிடமும் அதேதான். மேனேஜர் தனியாகக் கூப்பிட்டு, பெரியவரே, கேட்டால் தலையை மட்டும் ஆட்டுங்கள், நீங்கள் பொய் சொல்ல வேண்டாம், வாயைத் திறக்காமல் இருந்தால் போதும் என்று மரியாதையாகத்தான் சொன்னாராம். சரி என்று வந்து நின்றிருக்கிறார். மூன்றாவதாக ஒரு பெண் வந்து பேசாமல் துணியைப் பார்த்துக்கொண்டிருந்தாளாம், அவள் கேட்கவே இல்லை, இவராகக் கூப்பிட்டு இந்தத் துணி சாயம் விடும் தாயி என்று சொல்லியிருக்கிறார். மதியம் லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொல்வதற்குள் அவரை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள்.

பஸ்ஸில் வந்து இறங்கி வீட்டுக்குள் வந்தவர் சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு உட்கார்ந்தார். நோன்பு திறக்கும்போது ஒரு பேரீச்சம்பழத்தை வாயில் போட்டார், கஞ்சியைத் தொடவில்லை. அன்றிலிருந்து தொழுகைக்குப் பள்ளிவாசல் போவதோடு சரி, வந்து ஜன்னலோரம் உட்கார்ந்து விடுகிறார். டவுன்ஷிப் பெண்கள் முன்பெல்லாம் அவரைத் தெருவில் பார்த்தால் நிறுத்தி வைத்து, பாய், பிள்ளை சட்டையில் மை கொட்டிவிட்டது என்ன பண்ணுவது, கரித்தூள் ஏறின வெள்ளைச் சட்டையை எதில் போடுவது என்று கேட்பார்கள், அவரும் சைக்கிளை ஸ்டாண்டு போட்டுவிட்டு நிதானமாகச் சொல்லிக்கொண்டிருப்பார். இப்போது அவரைப் பார்த்தால் பாவம் என்று அவர்கள் ஒதுங்கிப் போகிறார்கள், துணிப் பேச்சு எடுத்தால் மனசு நோகும் என்று நினைக்கிறார்கள். நானும் அப்சானாவும்கூட வீட்டில் துவைக்கிற வேலையை அவர் தொழப் போகிற நேரம் பார்த்து மறைவாக முடிக்கிறோம். நான் ஜாக்கெட்டுக்கு ஓரம் அடித்துக் கொடுத்து ஏதோ ஓட்டிக்கொண்டிருக்கிறேன், சாப்பாட்டுக்கு ஒன்றும் குறையில்லை, நீ அதை நினைத்துக் கவலைப்படாதே. எனக்குத்தான் இந்த மனுஷன் திரும்ப வருவார் என்கிற நம்பிக்கை நாளுக்கு நாள் விட்டுப்போகிறது. எவ்வளவோ துஆ கேட்டுவிட்டேன்.

உன்னிடம் ஒன்று மட்டும் கேட்கிறேன். வேலையை விட்டுவிட்டு ஓடி வா என்று கேட்கவில்லை, வரவும் வராதே, நீ வந்து நின்றால் தன்னால்தான் பிள்ளையின் பிழைப்பும் போயிற்று என்று அதையும் தலையில் ஏற்றிக்கொள்வார். அத்தா பெயருக்குத் தனியாக ஒரு கடிதம் போடு. கடையைப் பற்றி எழுதாதே, தைரியமாக இருங்கள், எல்லாம் சரியாகும் என்றெல்லாம் எழுதாதே, அதை எல்லோரும் சொல்லிவிட்டார்கள். உன் ரூமில் எல்லோர் துணியும் ஒன்றாகக் கலந்து துவைத்ததில் உன் வெள்ளைச் சட்டையில் எவன் பனியன் சாயமோ ஏறிவிட்டது, என்ன பண்ணட்டும் என்று கேட்டு எழுது. நிஜமாக நடக்காவிட்டால் பொய்யாகவாவது எழுது, அந்தப் பாவம் என்னைச் சேரட்டும். படித்துவிட்டு அவர் மடித்து வைத்துவிடலாம், பதில் போடாமலும் இருக்கலாம், இப்போது இருக்கிற நிலையில் அப்படித்தான் செய்வார் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒருவேளை எழுதினாரென்றால், நிஜமாகவே ஒரு வெள்ளைச் சட்டையில் சாயத்தை ஏற்றியாவது, அவர் என்ன சொன்னாலும் அதை அப்படியே செய்து பார்த்து, என்ன ஆயிற்று என்று உள்ளதை உள்ளபடி திரும்ப எழுது.

பெருநாளைக்கு நல்ல சட்டையாக ஒன்று வாங்கிப் போட்டுக்கொள், தொழுகை முடிந்ததும் கூட இருக்கிற பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிடு, தனியாக ரூமில் படுத்துக் கிடக்காதே. இந்தக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துவிடு, போனில் இதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காதே. உன் உழைப்பிலும் உடம்பிலும் அல்லாஹ் பரக்கத்தை இறக்கட்டும், கெட்ட பார்வையும் கெட்ட நேரமும் உன்னை நெருங்காமல் இருக்கட்டும், உன் தங்கச்சி சலாம் சொல்லச் சொன்னாள்.

உன்னை நினைத்தபடியே இருக்கிற
அம்மா முனவரா